ஒரு சாண் தூரத்தில் போன்: குரல் டைரி வைக்க ஒரு முழு வழிகாட்டி

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்தாவது மாதம். இரவு பத்தரைக்கு அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டு, கொசுவலையைச் சொருகிவிட்டு மொட்டை மாடிக்கு வந்தேன். சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் அந்நேரத்திலும் ஒரு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் போலிருந்தது. அண்ணனிடம் சொன்னால் உடைந்துபோவார். தோழியிடம் சொன்னால் "எல்லாம் சரியாயிடும் விடு" என்பாள். போனில் ரெக்கார்டரைத் திறந்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். "இன்னைக்கு அம்மா மேல எனக்குக் கோபம் வந்துச்சு. கஞ்சி டம்ளரை வேணும்னே சத்தமா வெச்சேன்." அவ்வளவுதான் ஆரம்பம். ஒரு நிமிடம் நாற்பது நொடி பேசியிருந்தேன். அன்று தூங்கினேன்.

இரண்டு வருடங்களாக அதை விடவில்லை. பேசுவதில் தொடங்கி, ஊர்ச் சத்தங்களைச் சேர்த்து, வெட்டி ஒட்டி, மூன்று நிமிடத்தில் காதால் கேட்கிற ஒரு சின்னப் படைப்பாகச் செய்வது வரை நான் கற்றுக்கொண்ட அத்தனையையும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு, ஒரு இழப்பிலிருந்து எழ முடியாமல் இருப்பவர்களுக்கு, வேலை முடிந்து வந்தால் வாயைத் திறக்கவே ஆளில்லாதவர்களுக்கு இது உதவும். எடிட்டிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

குரல் ஏன்

எழுதலாமே என்பீர்கள். எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். எனக்கு நாள் முழுக்கத் துணி பிழிந்த கை பேனா பிடிக்க மறுத்தது. போனில் தமிழ் தட்டினால் எழுத்துப்பிழையைத் திருத்துவதிலேயே மனசு போய்விடுகிறது. பேச்சில் அந்தத் தடை இல்லை. மூச்சு வாங்குவதும் நடுவில் நிற்பதும்கூடப் பதிவாகிவிடும். பத்து நாள் கழித்துக் கேட்டால், சொன்னதைவிட அந்த நிறுத்தங்கள்தான் அதிகம் பேசும்.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. 1986இல் ஜேம்ஸ் பென்னபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம், தங்களை வதைத்த ஓர் அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனம் கனத்துத்தான் போயிருந்தது. ஆனால் நடந்ததையும் அதை ஒட்டிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த ஆறு மாதத்தில் கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. பிறகு வந்த ஆய்வுகளில், எழுதுவதற்குப் பதிலாக டேப் ரெக்கார்டரிடம் பேசியவர்களுக்கும் பலன் இருந்தது. சராசரியாகப் பார்த்தால் அது சிறிய பலன்தான், எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதும் இல்லை. மருந்துக்கும் மருத்துவருக்கும் மாற்றாக இதை நினைக்காதீர்கள்.

முதலில் போனைத் தயார் செய்யுங்கள்

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். போனுடன் வந்த ரெக்கார்டரே போதும். அதன் செட்டிங்ஸில் தரத்தைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கும். தினசரி பேச்சுக்கு எம்பி3 அல்லது எம்4ஏ, 128 கேபிபிஎஸ் (kbps) வையுங்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி ஆகும். தினம் பத்து நிமிடம் பேசினால் மாதம் 300 எம்பி, வருடத்துக்கு நாலு ஜிபிக்குள் அடங்கிவிடும். ஊர்ச் சத்தங்களை மட்டும் 'வேவ்' (WAV) வடிவத்தில் எடுங்கள். ஸ்டீரியோவில் நிமிடத்துக்கு 10 எம்பி பிடிக்கும், ஆனால் பிறகு வெட்டி ஒட்டும்போது தரம் குறையாது.

பேசும் முன் ஃப்ளைட் மோடு போடுவது கட்டாயம். நடுவில் அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும். மனசைத் திறந்து பாதி சொன்ன நேரத்தில் கடன் வேண்டுமா என்று ஒருவர் அழைத்தால், விட்ட இடத்துக்குத் திரும்பவே முடியாது.

ரெக்கார்டர் எல்லாம் தலைவலி என்கிறவர்கள் வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணுக்கே வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொள்ளுங்கள். அப்பாவுக்கோ பாட்டிக்கோ இந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

எங்கே உட்கார்ந்து பேசுவது

பெரும்பாலான போன்களில் மைக் அடிப்பக்க விளிம்பில், சார்ஜர் சொருகும் துளைக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த விளிம்பு உங்களைப் பார்த்தபடி, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். நேராகப் பிடித்தால் 'ப', 'ஃப' சொல்லும்போதெல்லாம் காற்று மோதி டப் டப்பென்று கேட்கும்.

ஃபேனை நிறுத்துங்கள். சேலத்து சித்திரை வெயிலில் இது பெரிய தியாகம்தான், ஆனால் பத்து நிமிடம் தாங்கலாம். டைல்ஸ் போட்ட வெற்று ஹாலில் குரல் எதிரொலிக்கும். துணி அடைத்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்தால் குரல் கனிவாக விழும். தனி அறை இல்லாத வீடுகள் எத்தனையோ. அவர்கள் தலைக்கு மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் பேசலாம். அதில் இரண்டு நன்மை: எதிரொலியும் இல்லை, அடுத்த அறைக்கும் கேட்காது.

தறிச் சத்தம் கேட்கிற தெருவா? இருக்கட்டும். இது உங்கள் டைரி, அந்தச் சத்தமும் உங்கள் நாளில் ஒரு பகுதிதான்.

முதல் நான்கு நாள்: என்ன பேசுவது

இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலானோர் கைவிடுகிறார்கள். பட்டனை அழுத்தியதும் வாய் அடைத்துப்போகும். அதனால் தொடக்கத்தை நிர்ணயித்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், நீங்கள் இருக்கும் இடம், அந்த நொடியில் காதில் விழுவது, உடம்பில் எங்கே வலி. உதாரணமாக: "செவ்வாய்க்கிழமை, ராத்திரி பத்தே முக்கால். மொட்டை மாடி. தண்ணித் தொட்டி சொட்டுது. வலது தோள்பட்டை இழுக்குது." இதைச் சொல்வதற்குள் வாய் பழகிவிடும்.

பிறகு அன்றைக்கு நடந்த ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முழு நாளையும் சொன்னால் அது புகார்ப் பட்டியலாகிவிடும். ஒரு டம்ளர், ஒரு வார்த்தை, ஒருவர் திரும்பிப் பார்த்த விதம் போதும். யார் எங்கே நின்றார், கை எங்கே இருந்தது, யார் முதலில் பேசினார் என்று கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்.

மூன்றாவதாக, அந்த உணர்ச்சிக்குப் பெயர் வையுங்கள். இதில் அவசரப்படாதீர்கள். "டென்ஷனா இருந்துச்சு", "மூட் அவுட்" என்பதோடு நிறுத்தினால் அது எதையும் சொல்லாது. நம் மொழியில் எத்தனை நுணுக்கமான சொற்கள் இருக்கின்றன! எரிச்சல் வேறு, கடுப்பு வேறு, குமைச்சல் வேறு. எரிச்சல் வந்து போகும். குமைச்சல் உள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். ஆதங்கத்தில் ஆசை கலந்திருக்கிறது, அங்கலாய்ப்பில் பொறாமையின் சாயல் இருக்கிறது. கோபம் என்று நான் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது ஒருநாள் வாய்தவறி "ஆற்றாமையா இருக்கு" என்று வந்தது. அந்தச் சொல்லைக் கேட்டதும் தோள் தானாக இறங்கியது. அம்மா மேல் எனக்குக் கோபமே இல்லை. எவ்வளவு செய்தாலும் அவர் எழுந்து நடக்கப்போவதில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. கோபத்துக்கு நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன், ஆற்றாமைக்கு வெட்கப்பட என்ன இருக்கிறது? 2007இல் அமெரிக்க உளவியலாளர் மேத்யூ லீபர்மேன் குழுவினர் மூளை ஸ்கேனில் பார்த்ததும் இதற்கு அருகில் வருகிறது: உணர்ச்சி ததும்பும் முகங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, அச்சத்துக்கும் பதற்றத்துக்கும் எதிர்வினை காட்டும் அமிக்டலா பகுதியின் துடிப்பு தணிந்தது.

அழுத்தம் அதிகமான நாட்களில் "நான்" என்பதை விட்டு "நீ" என்றோ உங்கள் பெயரைச் சொல்லியோ பேசிப் பாருங்கள். "நீ இன்னைக்கு என்ன பண்ணினே கண்ணு?" என்று எங்கள் பக்கத்து அத்தை கேட்பதுபோல நான் என்னையே கேட்பேன். ஓரடி விலகி நின்று பார்க்க அது இடம் தரும்.

ஒரு எச்சரிக்கை. பேசி முடித்த ஒரு மணி நேரம் மனம் பாரமாகத்தான் இருக்கும். அதனால் படுக்கப்போகும் நிமிடம் வரை தள்ளிப்போடாதீர்கள். பேசிவிட்டு வாசல் தெளிக்கிற, பாத்திரம் கழுவுகிற மாதிரி ஒரு கைவேலை வைத்துக்கொள்ளுங்கள். எந்த விஷயத்தைத் தொட்டால் நிலைகுலைந்துவிடுவோம் என்று தோன்றுகிறதோ அதைத் தொடாதீர்கள், வேறொன்றைப் பேசுங்கள். ஒரே விஷயத்தை வாரக்கணக்கில் அதே வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருந்தால், தூக்கமும் சாப்பாடும் போனால், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், ரெக்கார்டரை வைத்துவிட்டு மனிதரிடம் பேசுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இரவு பகல் எந்நேரமும், கட்டணம் இல்லாமல், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டின் 104 சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது. நான் ஒருமுறை 14416ஐ அழைத்திருக்கிறேன். அழைத்ததற்காக ஒருநாளும் வருந்தியதில்லை.

கேட்பது

பதிவு செய்த அன்றே கேட்காதீர்கள். ஒரு வாரம் ஊறட்டும்.

கேட்டதும் "இதுவா என் குரல்?" என்று கூசும். எல்லாருக்கும் அப்படித்தான். பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமின்றி மண்டை எலும்பு வழியாகவும் நம் காதுக்குள் வருகிறது. அதனால் நமக்கு நம் குரல் கனமாகக் கேட்டுப் பழகிவிட்டது. பதிவில் காற்று வழி வந்தது மட்டும்தான் இருக்கும். ஊரார் இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்த குரல் அதுதான். பத்துப் பதிவுக்குள் பழகிவிடும்.

கேட்கும்போது ஒரு நோட்டில் நிமிடக் கணக்கைக் குறியுங்கள்: "3.12, டம்ளர்", "5.40, சிரிப்பு". எடிட்டிங் மேசையில் உட்காரும்போது இந்தக் குறிப்புதான் கை கொடுக்கும்.

ஊரின் சத்தங்களைச் சேர்ப்பது

மூன்றாவது வாரத்தில் போனை வெளியே திருப்புங்கள். எனக்குப் பிடித்த கட்டம் இது. சொந்தத் துயரத்தையே கேட்டுக் கேட்டுக் குவிந்துபோன காது விரியும்.

அம்மா கால்கை நன்றாக இருந்த காலத்தில் தறிக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் வேலை, அதாவது தார் சுற்றியவர். எங்கள் தெருவில் வெண்பட்டு வேட்டி நெய்யும் கைத்தறி இன்னும் ஒன்றிரண்டு ஓடுகிறது. அனுமதி கேட்டு ஒரு தறிக்குழிப் பக்கம் உட்கார்ந்தேன். முதல் முறை போனைத் தறி மரத்தின் மேலேயே வைத்துவிட்டேன். அதிர்வு ஏறி வெறும் இரைச்சலாக வந்தது. இரண்டாம் முறை மடித்த துண்டின் மேல் போனை வைத்து, நான்கடி தள்ளி எடுத்தேன். மிதி அழுந்தும் கிறீச், ஊடை நூலைச் சுமந்து நாடா ஓடும் சர்ர், அந்த நூலை நெருக்கித் தட்டும் அச்சு வந்து மோதும் டொக். மூன்றும் தனித்தனியாக விழுந்தன. அதற்கு நடுவே தறிக்காரர் இழை அறுந்தபோது நாக்கைச் சப்புக்கொட்டிய சத்தம் ஒன்று. நான் எடுத்ததிலேயே அதுதான் உயிருள்ள சத்தம்.

மாலையில் தட்டுவடை செட் வண்டிக்குப் போங்கள். தட்டுவடை மேல் சட்னி தடவும் கரண்டியின் தட்டல், துருவிய பீட்ரூட்டையும் வெங்காயத்தையும் வைத்து இன்னொரு தட்டுவடையை மேலே அழுத்தும்போது வரும் மெல்லிய நொறுங்கல். அந்த நொறுங்கலுக்குப் போனை அரையடி வரை கொண்டுபோக வேண்டும். வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சொன்னால் அவர்களே ஒருமுறை நிதானமாகச் செய்து காட்டுவார்கள்.

ஆடியில் எங்கள் அம்மாப்பேட்டையிலும் பக்கத்துக் குகை பகுதியிலும் மாரியம்மன் திருவிழாவுக்கு அலங்கார வண்டிகள் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கை நடக்கும்போது கதை வேறு. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றால் ரெக்கார்டரின் அளவுகோல் சிவப்பைத் தொட்டுவிடும். சிவப்பில் போனது போனதுதான். கிழிந்த ஒலியை எந்த மென்பொருளும் முழுதாகத் தைத்துத் தராது. அடுத்த தெருமுனைக்குப் போய்விடுங்கள். மேளம் தூரத்தில் வருவதும் நெருங்குவதும் கடப்பதும் பக்கத்தில் நின்று எடுப்பதைவிட அழகாக இருக்கும்.

ஒருநாள் அண்ணன் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி என்னை ஏற்காட்டுக்கு அனுப்பினார். சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் ஏறியதிலிருந்தே எடுத்தேன். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் கியர் மாற்றும்போது எஞ்சின் முனகல் ஒரு படி இறங்கி மறுபடி ஏறும். பாதி மலையில் காது அடைத்து எச்சில் விழுங்கியதும் திறந்தது. அதைப் போன் பதியாது, அதனால் வாயால் சொல்லிப் பதிந்தேன். மேலே ஏரிக்கரையில் கூட்டச் சத்தம்தான். காபித் தோட்டத்து ஓரமாக நடந்தால்தான் காதுக்கு வேலை. மாசி பங்குனியில் கோடை மழை விழுந்து ஒன்றரை வாரத்துக்குள் காபிச் செடி வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். மல்லிகை மாதிரி வாசம், இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். நான் போனது அந்த நாளில். வாசத்தைப் பதிய முடியாது. ஆனால் பூத்த தோட்டத்துக்குள் தேனீக்களின் ரீங்காரம் அப்படியே ஒரு போர்வை மாதிரி விரிந்திருந்தது. அதை நான்கு நிமிடம் அசையாமல் நின்று எடுத்தேன். ஐந்து மாதத்தில் நான்கு நிமிடம் எதுவும் செய்யாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

மலைக்காற்று மைக்கில் மோதினால் எல்லாம் பாழ். போனின் அடிப்பக்கத்துக்கு ஒரு கம்பளிக் காலுறையை மாட்டிவிட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். எங்கே எடுத்தாலும் முடிவில் யாரும் பேசாமல் 30 நொடி அந்த இடத்து அமைதியைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங்கில் அது எதற்கு என்று தெரியும்.

மூன்று நிமிடமாக்குவது

கணினி இருந்தால் ஆடாசிட்டி போதும். 2000 முதல் இருக்கும் இலவச மென்பொருள். போனிலேயே செய்ய பேண்ட்லேப் போன்ற செயலிகள் இருக்கின்றன. கருவி எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

நோட்டுக் குறிப்புகளைப் பார்த்து, குரலிலிருந்து ஏழெட்டு வாக்கியங்களை மட்டும் எடுங்கள். மனசு வராது. எல்லாமே முக்கியம் போலத் தோன்றும். எனக்குக் கைகொடுத்த அளவுகோல் இது: விளக்கம் சொல்கிற வாக்கியத்தை வெட்டு, காட்சி சொல்கிற வாக்கியத்தை வை. "எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு" போனது. "கஞ்சி டம்ளரை வேணும்னே சத்தமா வெச்சேன்" இருந்தது.

முதல் டிராக்கில் குரல், இரண்டாவதில் ஊர்ச் சத்தம். வெட்டிய இடங்களில் ஒலி திடீரென்று செத்துப்போனது மாதிரி பள்ளம் விழும். அங்கேதான் அந்த 30 நொடி அமைதியை நிரப்ப வேண்டும். குரல் வரும்போது சத்தத்தைத் தாழ்த்துங்கள், குரல் நிற்கும்போது உயர்த்துங்கள். குரல் சொன்னதையே சத்தமும் சொல்ல வேண்டியதில்லை. நான் கஞ்சி டம்ளர் வரிக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் வைத்துப் பார்த்தேன், நாடகம் போலிருந்தது. அதை எடுத்துவிட்டுத் தறிக்காரரின் சப்புக்கொட்டலை வைத்தேன். அது சரியாக விழுந்தது.

பின்னணி இரைச்சலைக் குறைக்க ஆடாசிட்டியில் 'நாய்ஸ் ரிடக்ஷன்' உண்டு: இரைச்சல் மட்டும் உள்ள பகுதியைத் தேர்ந்து மாதிரி எடுக்கச் சொல்லிவிட்டு, பிறகு முழுப் பதிவுக்கும் போடுங்கள். கொஞ்சமாகப் போடுங்கள், அதிகம் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடும். தொடக்கத்துக்கு ஒலி மெல்ல ஏறும் ஃபேட் இன், முடிவுக்கு மெல்ல இறங்கும் ஃபேட் அவுட். கடைசியில் ஒலியின் உச்ச அளவைச் சரிசெய்யும் 'நார்மலைஸ்', மைனஸ் 1 டெசிபலுக்கு. முடிந்தது.

வெட்டி ஒட்டும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் எனக்கு ஆறுதல் அதிகம் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். பேசும்போது துயரம் என்னைப் பிடித்திருந்தது. மேசையில் அதே துயரம் அலைவடிவமாக, நீலக் கோடாக என் முன்னால் கிடந்தது. எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று நான் முடிவு செய்தேன்.

பத்திரமும் அனுமதியும்

பதிவுகள் உள்ள ஃபோல்டருக்குப் பூட்டுப் போடுங்கள். வாரம் ஒருமுறை பென் டிரைவிலோ கூகுள் டிரைவிலோ நகல் எடுங்கள். டிரைவில் 15 ஜிபி இலவசம். போன் தண்ணீரில் விழுந்து மூன்று மாதப் பதிவுகளை நான் இழந்திருக்கிறேன். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளிப்பதுபோல அதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். அடுத்தவர் குரலை அவர் அறியாமல் எடுக்காதீர்கள். பேச முடியாத நோயாளி என்றால் கண்ணைப் பார்த்துக் கேளுங்கள், தலையசைப்புக்குக் காத்திருங்கள்.

யாருக்குக் கேட்க வைப்பது

முதல் 30 நாள் யாருக்கும் அனுப்ப வேண்டாம், ஸ்டேட்டஸில் வைக்க வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரி. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணத் தொடங்கிய நிமிடமே, அடுத்த பதிவில் நாம் அவர்களுக்காகப் பேசத் தொடங்குகிறோம். நம்மோடு நாம் பேசிக்கொண்டிருந்தது அறுந்துவிடும். அதன் பிறகு ஒருவருக்கு, நேரில், ஹெட்போனைக் கையில் கொடுத்துக் கேட்க வையுங்கள். கேட்டு முடித்ததும் கருத்துக் கேட்காமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள்.

நான் முதலில் அம்மாவுக்குத்தான் போட்டேன். கோபத்தைச் சொன்ன வரிகளை எடுத்துவிட்டு, தறியும் தேனீயும் மட்டும் உள்ள இன்னொரு வடிவம் செய்தேன். அம்மாவுக்கு வலப்பக்கம் விழுந்து பேச்சும் போயிருந்தது. மூளையின் இடப்பக்கம் பாதித்துப் பேச்சிழந்தவர்களில் பலருக்குப் பாட்டு மிச்சமிருக்கும். அதை வைத்தே பேச வைக்கும் ஒரு பயிற்சி முறை 1973 முதல் இருக்கிறது. எங்களுக்கு அப்போது அது தெரியாது. நாடா ஓடும் சத்தம் வந்ததும் அம்மாவின் இடக்கை விரல்கள் தார் சுற்றுகிற மாதிரி அசைந்தன. பிறகு தொண்டையிலிருந்து ஒரு ராகம் வந்தது, வார்த்தை தெளிவில்லாமல், ஆனால் ஏற்ற இறக்கம் பிசகாமல். "ஆராரோ ஆரிரரோ." நான் மறுநாள் பேச்சுப் பயிற்சி தருகிறவரிடம் அதைச் சொன்னேன். அன்றிலிருந்து பயிற்சியைப் பாட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அந்த ராகத்தையும், அம்மா தலையசைத்த பிறகு, பதிவு செய்து வைத்திருக்கிறேன். இருபத்தாறு நொடி. வேவ் வடிவத்தில், மூன்று நகல்கள்.